கொடுத்த பெட்டிகளில் தேனீ இருக்கிறதா?

தமிழ்நாடு அரசின் வேளாண்மை – உழவர் நலத்துறைக்கும், தோட்டக்கலைத் துறை அலுவலர்களுக்கும், கன்னியாகுமரி மாவட்ட நிர்வாகத்துக்கும்

வணக்கம்.

நான் மார்த்தாண்டத்தை அடுத்த ஒரு கிராமத்தில் தேனீ வளர்ப்பவன். அப்பா காலத்திலிருந்தே எங்கள் வீட்டில் உலை வைப்பது இந்தத் தொழிலில்தான். உங்களிடம் ஒரு கேள்வி கேட்கவே இந்த மடலை எழுதுகிறேன். மானியத்தில் தேன்பெட்டியும் தேனீயும் வழங்குகிறீர்கள். எத்தனை பெட்டி, எத்தனை பயனாளி என்ற கணக்கு உங்கள் கோப்பில் இருக்கும். கொடுத்து ஒரு வருடம் கழிந்த பிறகு, அவற்றில் எத்தனை பெட்டிகளில் ராணி முட்டையிட்டுக்கொண்டிருக்கிறது என்ற கணக்கு இருக்கிறதா?

இருந்தால் தயவுசெய்து வெளியிடுங்கள். இல்லையென்றால் இந்த ஆண்டிலிருந்தே தொடங்குங்கள். என் கோரிக்கை இவ்வளவுதான். அது ஏன் இவ்வளவு அவசரம் என்பதைக் கீழே எழுதுகிறேன்.

எங்கள் பக்கம் ஒருவருடைய தேனீ அழிந்தால் "ஈ போயிட்டு" என்ற இரண்டு சொல்லோடு பேச்சு முடிந்துவிடும். எதனால் போயிற்று என்று கேட்க யாரும் வருவதில்லை. ஆனால் ஒவ்வோர் அழிவும் பெட்டிக்குள் தனக்கென்று ஓர் அடையாளத்தை விட்டுவிட்டுத்தான் போகிறது. பட்டினியால் செத்த கூட்டத்தைத் திறந்தால், ஈக்கள் வெறும் அறைகளுக்குள் தலையை நுழைத்தபடி, பின்பகுதி மட்டும் வெளியே தெரியச் செத்திருக்கும். கடைசிச் சொட்டுத் தேனைத் தேடிப் போய் அப்படியே நின்றுபோனவை அவை. பூச்சிமருந்தில் செத்தவை வாசலுக்கு முன்னால் மண்ணில் குவிந்து கிடக்கும். நாக்கு வெளியே நீண்டிருக்கும். சிலவற்றின் பின்னங்காலில் மகரந்த உருண்டை உதிராமல் ஒட்டியிருக்கும். உயிர் போகாதவை சிறகு நடுங்க அதே இடத்தில் சுற்றிச் சுற்றி வரும். தீனி இல்லாமலோ, எறும்பும் மெழுகுப்பூச்சியும் தரும் தொல்லை தாங்காமலோ ஓடிப்போன கூட்டத்தின் பெட்டியில் பிணமே இருக்காது. காய்ந்த அடைகள் மட்டும் தொங்கும்.

வைரஸ் வந்த பெட்டி இவை எதைப் போலவும் இருக்காது. முதலில் ஈக்களின் எண்ணிக்கை குறைந்ததுகூடத் தெரியாது. அடை கட்டியிருக்கும் மரச்சட்டத்தைத் தூக்கி வெயிலில் பிடித்தால், மூடிய புழு அறைகளின் மேல் சின்னச் சின்ன ஓட்டைகள் தெரியும். உள்ளே ஏதோ சரியில்லை என்று அறிந்த பணித்தேனீக்கள் மூடியைக் கடித்துப் பார்த்த இடங்கள் அவை. அறைக்குள் புழு நீளவாக்கில் மல்லாந்து கிடக்கும். தலை மட்டும் படகின் முனைபோல மேலே நிமிர்ந்திருக்கும். ஓர் ஈர்க்கால் மெல்லத் தூக்கினால் தோல் கிழியாமல் பையாக மேலே வரும். உள்ளே வெறும் நீர். பெரிய நாற்றம் இருக்காது. அதனால்தான் பழக்கமில்லாதவர் இதைக் கவனிப்பதில்லை. கவனிக்கும்போது கூட்டம் பாதியாகியிருக்கும், சில நாளில் மிச்சமும் பெட்டியை விட்டுப் போய்விடும்.

இதன் பெயர் தாய் சாக்புரூட். 1976-ல் தாய்லாந்தில் கண்டறியப்பட்டதால் வந்த பெயர். 1978 வாக்கில் வடகிழக்கு இந்தியாவில் தெரிந்தது. 1991, 92-ல் தெற்கே வந்து சேர்ந்தது. கேரளத்திலும் குமரியிலும் வளர்ப்புத் தேனீக் கூட்டங்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் அழிந்தன என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். எங்கள் ஊரில் அதற்கு ஆய்வுக் கட்டுரை தேவைப்படவில்லை. தலைமுறையாகத் தேன் எடுத்த வீடுகளில் பெட்டிகளை விறகுக்கு உடைத்தார்கள். தேன் எடுத்த கைகள் ரப்பர் பால்வெட்டுக்கும் கொத்து வேலைக்கும் போயின.

இந்த மண்ணில் தேனீ வளர்ப்புக்கு எவ்வளவு பழைய வேர் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருச்சிப் பக்கம் பாதிரியார் நியூட்டன் நம் நாட்டு இனமான அடுக்குத் தேனீயின் அளவுக்கேற்ற பெட்டியை உருவாக்கினார். 1920-களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. கிராமப் பணி மையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹேட்ச், ஏழைக் குடும்பங்களுக்குத் துணை வருமானமாக இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்தார். 1937-லேயே எங்களுக்கென்று கூட்டுறவுச் சங்கம் வந்துவிட்டது. இன்றைக்கு மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. இத்தனையும் கைவசம் இருந்த ஊர் ஒரு வைரஸுக்கு முன்னால் ஒன்றிரண்டு வருடத்தில் வெறுங்கையோடு நின்றது. அப்போது எங்களுக்கு மருந்து கிடைக்கவில்லை. இன்றைக்கும் அந்த வைரஸைக் கொல்லும் மருந்து கிடையாது.

பிறகு எப்படி மீண்டோம்? எங்கோ ஒரு பனம்பொந்திலும் பாறை இடுக்கிலும் கைவிட்ட பெட்டிகளிலும் சில கூட்டங்கள் நோயைத் தாங்கி நின்றன. பெரியவர்கள் அவற்றைத் தேடிப் பிடித்து, பிரித்து, பெருக்கினார்கள். எந்தக் கூட்டம் நோய்ப்பட்டும் எழுந்து நின்றதோ அதிலிருந்து ராணி எடுத்தார்கள். நோய் கண்ட கூட்டத்தில் ராணியை அடைத்துவைத்தோ அகற்றியோ, ஏறத்தாழ மூன்று வாரம் புழுவே இல்லாமல் செய்து, வைரஸ் வளர இடம் கொடுக்காமல் பார்த்துக்கொண்டார்கள். இன்றைக்குக் குமரியில் பறக்கும் வளர்ப்புத் தேனீ பெரும்பாலும் அந்தப் பிழைத்த கூட்டங்களின் வாரிசு. எங்களிடம் இருக்கும் ஒரே தடுப்பூசி அதுதான்.

மானியத் திட்டத்தைப் பற்றி நான் கவலைப்படுவது இந்த இடத்தில்தான். மொத்தமாக இத்தனை நூறு கூட்டம் வேண்டும், இத்தனை நாளில் வேண்டும் என்று கேட்டால், கொடுப்பவர் எங்கே கிடைக்கிறதோ அங்கே வாங்குவார். எந்தப் பெட்டி நோயைத் தாங்கியது, எந்தப் பெட்டியில் போன மாதம்தான் புழு அறை மூடியில் ஓட்டை விழுந்தது என்று பார்க்க அவருக்கு நேரமும் இல்லை, காரணமும் இல்லை. பல தோட்டத்துக் கூட்டங்கள் ஒரே லாரியில் ஏறுகின்றன. ஒரு பெட்டியின் அடை இன்னொரு பெட்டிக்குப் போகிறது. பலவீனமான கூட்டத்தின் தேனைப் பலமான கூட்டம் கொள்ளையடிக்கிறது. சாக்புரூட் பரவுவதற்கு இதைவிட நல்ல வழி வேறில்லை. இப்படி வந்த கூட்டம் ஒரு கிராமத்தில் இறங்கினால், அது மட்டும் சாவதில்லை. பக்கத்தில் பத்து வருடமாக நோயில்லாமல் இருக்கும் பெட்டிகளுக்கும் அது வினையாகிறது.

ஆகவே கூட்டங்களை இந்த மாவட்டத்திலேயே, நோயைத் தாங்கிய தாய்க் கூட்டங்களிலிருந்து பெருக்கச் சொல்லுங்கள். அனுபவமுள்ள வளர்ப்பாளர்களிடம் ஒரு வருடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால் செய்து தருவார்கள். நூறு கூட்டம் கிடைக்கும் இடத்தில் நாற்பதுதான் கிடைக்கும் என்றால் நாற்பதே கொடுங்கள்.

எப்போது கொடுக்கிறீர்கள் என்பதும் அதே அளவு முக்கியம். எங்கள் வருடம் ரப்பர் மரத்தோடு சுற்றுகிறது. டிசம்பர், ஜனவரியில் ரப்பர் இலை உதிர்கிறது. பிறகு செம்புநிறத்தில் தளிர் விடும். அது பச்சைக்குத் திரும்பும்போது, மூன்று சிற்றிலைகளும் காம்பும் சேரும் இடத்தில் தேன் துளிர்க்கும். ரப்பர் தேன் பூவிலிருந்து வருவதில்லை என்பது வெளியூர்க்காரர் பலருக்குத் தெரியாது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை அதுதான் எங்கள் அறுவடை. ஜூன் தொடங்கி செப்டம்பர் வரை மழை, பஞ்சம். அந்த நாளில் சர்க்கரைப் பாகு கொடுத்துத்தான் கூட்டத்தைக் காப்பாற்ற வேண்டும். அக்டோபரிலிருந்து மறுபடி வளர்ச்சி.

அரசு வருடம் மார்ச் 31-ல் முடிகிறது. நிதி திரும்பிப் போய்விடும் என்று மார்ச் கடைசியில் அவசரமாக ஒரு கூட்டத்தைப் புதியவர் கையில் கொடுத்தால், அவர் சட்டத்தைத் தூக்கப் பழகுவதற்குள் தேன் காலம் முடிந்துவிடும். மழை தொடங்கும்போது அவரிடம் வலுவில்லாத கூட்டமும் வாங்க முடியாத சர்க்கரையும்தான் இருக்கும். ஓணத்துக்குள் பெட்டி காலியாகிவிடும். அதே கூட்டத்தை அக்டோபரில் கொடுத்திருந்தால் வளரும் கூட்டத்தோடு சேர்ந்து அவரும் பழகியிருப்பார். வழங்கும் மாதத்தை மாற்றுவதற்கு எந்தப் புதிய நிதியும் வேண்டாம். பஞ்ச மாதங்களுக்கு ஒரு கூட்டத்துக்கு இவ்வளவு சர்க்கரை என்று சலுகை விலையில் கொடுக்க முடியுமானால், புதிய பெட்டிக்குச் செலவழிப்பதைவிட அதில் அதிகக் கூட்டம் பிழைக்கும் என்று உறுதியாகச் சொல்வேன்.

இனி பூச்சிமருந்து. ரப்பர் தேன் கொடுக்கும், ஆனால் தேனீக்கு அதிலிருந்து மகரந்தம் கிடைப்பதில்லை. மகரந்தம் இல்லாமல் புழு வளராது. எங்கள் பக்கம் வருடம் முழுக்க அதைக் கொடுப்பது தென்னம்பாளை. பிறகு கமுகு, புளி, முருங்கை, வரப்போரத்துத் தொட்டாச்சிணுங்கி. அதனால் தென்னைக்கு என்ன மருந்து போகிறது என்பது எங்களுக்கு வாழ்வா சாவா என்ற விஷயம். வேர் வழியாக ஊட்டும் மருந்து மரத்தின் சாற்றோடு மேலே ஏறுகிறது. ஏறுவதற்காகத்தான் அதை ஊட்டுகிறார்கள். அப்படி ஊட்டிவந்த மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிக்கொல்லி தேனீக்குக் கொடிய விஷம். வேர் வழி ஊட்ட வேம்பிலிருந்து எடுத்த அசாடிராக்டின் மருந்தை உங்கள் பல்கலைக்கழகமே பரிந்துரைக்கிறது. களப்பணியாளர்கள் தென்னந்தோப்புக்குப் போகும்போது முதலில் அதைச் சொல்லட்டும்.

ஒரு காலை என் பெட்டிகளுக்கு முன்னால் ஈக்கள் உமி கொட்டியதுபோலக் கிடந்தன. விசாரித்ததில் சற்றுத் தள்ளியிருந்த பாகல் பந்தலில் பொழுது விடிந்ததும் மருந்து அடித்திருக்கிறார்கள். பாகல் பூ விரிந்து, என் ஈக்கள் அதில் வேலை செய்துகொண்டிருந்த நேரம். அந்த விவசாயியிடம் போனேன். அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. டப்பாவில் நீல முக்கோணம்தான் இருந்தது, சிவப்பு இல்லை, அதனால் பயமில்லை என்று நினைத்தேன் அண்ணே என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த முக்கோணத்தின் நிறம் மனிதனுக்கும் மற்ற பாலூட்டிகளுக்கும் எவ்வளவு நஞ்சு என்பதை வைத்துத் தீர்மானிக்கப்படுவது. தேனீயை வைத்து அல்ல. நீல முக்கோணம் உள்ள மருந்து தேனீக் கூட்டத்தையே துடைத்துவிடலாம். தேனீக்கு ஆபத்து என்ற எச்சரிக்கை உள்ளே மடித்து வைத்த தாளில் பொடி எழுத்தில் இருக்கும். அதை யார் பிரித்துப் படிக்கிறார்கள்? அவருடைய பாகலுக்குக் காய் பிடிப்பதே பூச்சிகள் மகரந்தம் கொண்டுபோவதால்தான். அந்தக் காலையில் நாங்கள் இரண்டு பேருமே நஷ்டப்பட்டோம்.

இமிடாகுளோப்ரிட், தயாமீதாக்சம், குளோதியானிடின் ஆகிய மூன்று பூச்சிமருந்துகளையும் ஐரோப்பிய ஒன்றியம் 2018-ல் திறந்தவெளிப் பயிர்களில் பயன்படுத்தத் தடை செய்தது. செடியின் சாற்றில் கலந்து மகரந்தத்திலும் தேனிலும் வந்து சேருவதும், ஈயை உடனே கொல்லாவிட்டாலும் வழி மறக்கச் செய்வதும் இவற்றின் குணம். வழி மறந்த ஈ பெட்டிக்குத் திரும்பாது, வாசலில் பிணமும் கிடக்காது. 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்படி நிரந்தரத் தடை மத்திய அரசின் கையில் இருக்கிறது, அதை உங்களிடம் கேட்கவில்லை. உங்கள் கையில் இருப்பதைக் கேட்கிறேன். பூக்கும் பருவத்தில் எந்தப் பயிருக்கும் இந்த மருந்துகளைப் பரிந்துரைக்காதீர்கள். அடித்தே ஆகவேண்டும் என்றால் மாலை ஐந்து மணிக்கு மேல், ஈ கூடு திரும்பிய பிறகு அடிக்கச் சொல்லுங்கள். மருந்துக்கடைகளில் நாலு முழச் சுவரொட்டியாக அதை ஒட்டச் சொல்லுங்கள். இப்போது டிரோன் வந்துவிட்டது. மேலிருந்து தூவும்போது காற்றில் பக்கத்துத் தோட்டத்துக்கும் போகிறது. டிரோன் பறக்கும் முந்தின நாள் ஊராட்சியின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போட்டால், நாங்கள் இரவோடு இரவாகப் பெட்டி வாசலை ஈரச்சாக்கால் மூடிவைப்போம், அல்லது தூக்கிக்கொண்டு போவோம். எங்கள் அடுக்குத் தேனீ இரை தேடிப் போவது ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தூரம்தான். அந்தத் தூரத்துக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். ரப்பர் தளிரில் வரும் சாம்பல் நோய்க்குத் தூவும் கந்தகத் தூளைப் பலர் குற்றம் சொல்கிறார்கள். நான் அதன்மேல் பழி போட மாட்டேன். அந்த நோய் வந்து தளிர் உதிர்ந்தால் எங்களுக்குத் தேனே இல்லை. ரப்பர் விவசாயியும் நாங்களும் அந்த விஷயத்தில் ஒரே பக்கம்.

2006 கடைசியில் அமெரிக்காவில் பணித்தேனீக்கள் காணாமல் போய், ராணியும் புழுவும் மட்டும் பெட்டியில் மிஞ்சிய செய்தி உலகம் முழுக்கப் போயிற்று. அதைப் படித்துவிட்டு இங்கே நடப்பதும் அந்த மர்மம்தான் என்று பேசுகிறவர்கள் உண்டு. ஆலோசனைக் கூட்டங்களில் அலுவலர்களும் அப்படிப் பேசக் கேட்டிருக்கிறேன். அது எனக்கு வேதனை தருகிறது. மர்மம் என்று சொல்லிவிட்டால் யாரும் எதையும் செய்ய வேண்டாம். எங்கள் அழிவில் மர்மம் எதுவும் இல்லை. வைரஸ், விஷம், பட்டினி, தவறான நேரத்தில் தவறான கையில் கொடுத்த கூட்டம். நான்குமே திறந்து பார்த்தால் தெரியும்.

இன்னொரு யோசனையும் அடிக்கடி வருகிறது. நம் ஈ நோய்க்குத் தாங்கவில்லை, இத்தாலியத் தேனீக்கு மாறுங்கள் என்கிறார்கள். வசதியும் பெரிய தோட்டமும் இருப்பவர் வளர்க்கட்டும், எதிர்க்கவில்லை. அது அதிகத் தேன் தரும், தாய் சாக்புரூட்டுக்கும் பெரும்பாலும் அசையாது. ஆனால் மழைக்காலப் பட்டினியில் அது தின்பதும் அதிகம். வரோவா உண்ணிக்குத் தொடர்ந்து மருந்து வைக்காவிட்டால் நிற்காது. நம் அடுக்குத் தேனீயோ அந்த உண்ணியைத் தன் உடம்பிலிருந்தும் கூட்டாளி உடம்பிலிருந்தும் கடித்து அகற்றிவிடும். ஐந்து பெட்டி வைத்துப் பிள்ளையின் பள்ளிச் செலவைப் பார்க்கும் ஒரு வீட்டுக்கு நம் ஈதான் பொருந்தும். அதைக் கைவிடுவது தீர்வாகாது.

பெட்டியில் மூடி ஓட்டை விழுந்த புழு அறையைப் பார்த்த ஒருவர் யாருக்குச் சொல்ல வேண்டும்? இதற்கு எங்களிடம் விடை இல்லை. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் பூச்சியியல் துறை இருக்கிறது. திருப்பதிசாரத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. மாவட்டத்துக்கு ஒரு தொலைபேசி எண், அழைத்தால் மறுநாள் பனிக்கட்டிப் பெட்டியோடு வந்து மாதிரி எடுக்கும் ஓர் ஆள், முடிவை வளர்ப்பவருக்கே தெரிவிக்கும் ஒரு கடிதம். இது இருந்தால் ஒரு கிராமத்தில் நோய் தெரிந்ததுமே சுற்று வட்டாரத்தில் பெட்டி விற்பதையும் மாற்றுவதையும் நிறுத்திவைக்க முடியும். 1991-ல் இது இல்லாததால்தான் நோய் எங்களுக்கு முன்னால் ஓடியது. ஜனவரியில் எங்கள் பெட்டிகள் லாரியேறி பத்தனம்திட்டை, கோட்டயம் தோட்டங்களுக்குப் போகின்றன, ஏப்ரலில் திரும்புகின்றன. கேரளத்து அலுவலர்களோடும் பேசிவைத்தால் நல்லது.

புயல், வெள்ள நிவாரணக் கணக்கெடுப்பில் தேனீக் கூட்டத்துக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். 2017 நவம்பரில் ஒக்கி வந்தபோது சாய்ந்த ரப்பருக்கு அடியில் எங்கள் பெட்டிகளும் கிடந்தன.

என் சக வளர்ப்பாளர்களுக்கும் இதிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நோய் கண்ட பெட்டியைக் குறைந்த விலைக்குத் தள்ளிவிடுவது நம்மிடையே நடக்கிறது. வாங்குகிறவர் ஒன்றும் தெரியாத புதியவர். அவருடைய தோட்டம் நம் தோட்டத்திலிருந்து பறக்கும் தூரத்தில்தான் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். ஒரே கத்தியோடும் ஒரே புகைப்பானோடும் இருபது பெட்டியைத் திறக்கும்போது, சந்தேகமான பெட்டியைக் கடைசியாகத் திறந்து, பிறகு கத்தியை நெருப்பில் காட்டுங்கள்.

அலுவலர்களுக்கு: நான் கேட்ட கணக்குக்குப் பெரிய மென்பொருள் வேண்டாம். பயனாளி ஒருவருக்கு ஒரு பக்கம் போதும். கொடுத்த தேதி, தாய்க் கூட்டம் எங்கிருந்து வந்தது, எத்தனை சட்டத்தில் ஈ இருந்தது. பிறகு ஜனவரியில் ஒரு முறை, ஏப்ரலில் ஒரு முறை, செப்டம்பரில் ஒரு முறை போய்ப் பார்த்து, ராணி இருக்கிறதா, முட்டை இருக்கிறதா என்று எழுத வேண்டும். அழிந்திருந்தால் மேலே நான் சொன்ன அடையாளங்களில் எது என்று குறிக்க வேண்டும். களப்பணியாளருக்கு அடையாளம் காணத் தெரியாது என்றால், பெட்டியைத் திறந்து காட்டிக் கற்றுக்கொடுக்க இந்த ஊரில் கூலி கேட்காமல் வர ஆட்கள் இருக்கிறார்கள். நானும் வருவேன். வரும் அக்டோபரில் கூட்டங்களை வழங்கும்போது முதல் பக்கத்தை எழுதத் தொடங்கிவிடலாம்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தேனீ வளர்ப்பாளர்,
மார்த்தாண்டம்